வேதாளத்தின் வினாவும் மலையகச் சிறுவரும்

சிறுவர்க்கென எழுந்த அற்புத சாகசக் கதைகளைப் பற்றித் தமிழில் நிகழ்ந்த விவாதங்களைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓருண்மை எளிதிற் புலனாகும். அக்கதைகளை ஆக்கியோர் பேசியுள்ளனர், பதிப்பித்தோர் பேசியுள்ளனர், ஆசிரியரும் பெற்றோரும் திறனாய்வாளரும் பேசியுள்ளனர். எவர்க்காக அவை எழுதப்பட்டனவோ அவருடைய தீர்ப்பு மட்டும் அரிதாகவே வினவப்பட்டுள்ளது. மந்திரவாதியும் பாதாளக் கோட்டையும் பறக்கும் குதிரையும் நிறைந்த ஒரு கதையின் தரத்தைக் கூறும் தகுதி பத்து வயதுச் சிறுவனுக்கு உண்டா என்பதே இத்துறையில் முதலில் எழவேண்டிய வினாவாகும். அவ்வினாவைத் தாண்டிச் சென்று அமைக்கப்பட்ட முடிபுகள், அவை எத்துணைக் கல்விச் சிறப்புடையனவாயினும், ஒரு சாட்சியை விசாரியாமலே வழங்கப்பட்ட தீர்ப்புகளாகவே அமையும்.

1936ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு பதிப்பாளர் இவ்வினாவுக்குச் செயலால் விடை கூறினார். ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய ‘தி ஹொபிட்’ என்னும் அற்புத சாகச நாவல் தம்மிடம் வந்தபோது, ஸ்டான்லி அன்வின் அதனைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து மதிப்புரை எழுதச் செய்தார். அவனும் கதையைச் சுருக்கியுரைத்து, ஐந்து முதல் ஒன்பது வயதுவரையான பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்று முடித்து, அதற்குக் கூலியாக ஒரு ஷில்லிங் பெற்றான். நூல் 1937இல் வெளிவந்தது. பத்து வயதினன் தன்னிலும் இளையோர்க்கே அந்நூல் ஏற்றதெனத் தீர்ப்பளித்த பெருமிதம் இன்று புன்னகையை வரவழைக்கலாம். எனினும் அங்கே நிகழ்ந்தது வேடிக்கையன்று. சிறுவர் நாவலைச் சிறுவனே மதிப்பிடத் தக்கவன் என்பதை ஒரு வணிக நிறுவனம் ஏற்றுக்கொண்டு, அம்மதிப்பீட்டை நம்பி முதலிட்டது. சிறுவனின் கருத்துக்குக் கூலி கொடுக்கப்பட்டது என்பதன் பொருள், அது உழைப்பெனவும் அறிவெனவும் கொள்ளப்பட்டது என்பதேயாகும்.

இச்செய்தியை மனத்திற்கொண்டு, இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வளரும் சிறுவனை நோக்குதல் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று பேச்சுவழக்கிற் கூறப்படும் லயக் காம்பிராவில், விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தாய் தந்தையர்க்கு மகனாய்ப் பிறந்தவன் அவன். குழந்தைப் பருவத்தைப் பிள்ளைக் காம்பிராவிற் கழித்து, பின்னர் ஓரறைத் தோட்டப் பாடசாலையிற் பல வகுப்பாரோடு ஒருங்கிருந்து எழுத்தறிந்த தலைமுறைகள் பல. 1970களில் அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும்வரை அவற்றுட் பெரும்பாலானவை தோட்ட நிருவாகத்தின் தயவிலேயே இயங்கின. இத்தகைய சிறுவனுக்கு மந்திரக் கம்பளமும் ராட்சசப் பள்ளத்தாக்கும் எதற்கு என்னும் வினா இலங்கைத் தமிழ் இலக்கியச் சூழலில் இயல்பாகவே எழுந்தது.

அதற்கு இருவகை விடைகள் கூறப்பட்டுவந்துள்ளன. முதலாவது, யதார்த்தவாத நோக்கினின்றும் பிறந்தது. 1954இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதனைச் சூழ்ந்த சிந்தனையாளரும் மண்ணையும் மக்களையும் எழுதுமாறு எழுத்தாளரை வேண்டினர். பேராசிரியர் க. கைலாசபதி தமது ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) என்னும் நூலில், நாவலைப் பழைய அற்புதக் கதை மரபினின்றும் வேறுபட்டு, நவீன சமுதாய வாழ்வோடு பிணைந்து வளர்ந்த வடிவமாகக் கண்டு ஆராய்ந்தார். இந்நோக்கு மலையகத்துக்குப் பெரும் நன்மை புரிந்தது என்பதில் ஐயமில்லை. கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, சி. வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, என். எஸ். எம். ராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ முதலிய ஆக்கங்கள் தோட்ட மக்களைத் தமிழிலக்கியத்தின் நடுவே கொணர்ந்து நிறுத்தின. ஆனால் வளர்ந்தோர் இலக்கியத்துக்கு வகுத்த இவ்வளவுகோலை எவ்வித மாற்றமுமின்றிச் சிறுவர் வாசிப்பின்மீதும் வைத்தபோது, அற்புதக் கதை என்பது சிறுவனை அவன் வாழ்விலிருந்து கடத்திச் செல்லும் மயக்கப் பொருள் என்னும் கருத்து உருவாயிற்று.

இரண்டாவது விடை இதற்கு எதிரானதுபோலத் தோன்றும். பிள்ளைகள் படிப்பது பொழுதுபோக்குக்கே. அதிற் குற்றங் காண்பது வீண் வேலை என்பது அது. பெற்றோர் பலரும் வணிகச் சஞ்சிகையாளர் பலரும் கொண்ட கருத்து இதுவே. ஆயினும் இவ்விரு கருத்துகளும் அடிப்படையில் ஒன்றேயாம். முன்னையது சிறுவனை ஏமாறுபவன் எனக் கொள்கிறது. பின்னையது அவனை எதையும் பொருட்படுத்தாதவன் எனக் கொள்கிறது. கதையோடு வழக்காடி, நம்பவேண்டியதை நம்பி, தள்ளவேண்டியதைத் தள்ளும் ஒரு வாசகனாக அவனை இரண்டுமே கருதவில்லை.

மலையகச் சிறுவனுக்கு அற்புதக் கதை அச்சிலேறி வந்த புதுப்பொருளன்று. எழுத்தறிவு பரவுமுன்னரே அது பிரட்டுக்களத்திலும் கோயில் முற்றத்திலும் அவன் கண்முன் ஆடிற்று. காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் தோட்டங்களில் நிலைத்த கூத்துகளாம். இவற்றுள் கொங்கு நாட்டினின்றும் வந்த பொன்னர் சங்கர் கதை சாகச நாவலுக்குரிய உறுப்புகள் யாவும் நிரம்பியது. உடன்பிறந்தோர் இருவர், அவர்க்கொரு தங்கை, காட்டை அழிக்கும் கொம்பன் என்னும் பன்றி, வீரமலை வேட்டுவர், வஞ்சகம், போர், வீழ்ந்தோரை எழுப்பும் தங்கையின் தெய்வ ஆற்றல் என விரியும் அக்கதையை விடியவிடிய நின்று கண்ட சிறுவன், அற்புதம் என்றால் என்னவென்று எந்தச் சஞ்சிகையிடமும் கற்கவேண்டியவனாக இருக்கவில்லை. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் எழுத்தறிந்த ஒருவர் விளக்கொளியில் வாசிக்கப் பலர் சூழ்ந்து கேட்கும் வழக்கமும் இம்மரபின் தொடர்ச்சியே.

இவ்வாறு பண்பட்டிருந்த நிலத்தில்தான் ‘அம்புலிமாமா’ வந்து சேர்ந்தது. 1947 யூலையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிற் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய இச்சஞ்சிகை பின்னர் பல மொழிகளில் வெளிவந்து, சிங்களத்தையும் எட்டியது. அதிற் சிறுவர் மனத்தைப் பெரிதும் கவர்ந்த பகுதிகள் இரண்டு: ஒன்று, மாதந்தோறும் வந்த அற்புத சாகசத் தொடர்கதை, மற்றொன்று, விக்கிரமாதித்தனும் வேதாளமும் வரும் கதை. அற்புத சாகச நாவலையும் அதன் வாசகரின் கருத்தையும் பற்றிய ஆராய்ச்சிக்கு இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்குதல் பயனுடையது.

தொடர்கதைகளை எழுதியவர் தாசரி சுப்ரமணியம் என்னும் தெலுங்கு எழுத்தாளர். 1954இல் வால்வெள்ளியைத் தலைப்பாகக் கொண்ட கதையுடன் தொடங்கி, 1978 வரை பன்னிரண்டு தொடர்களை அவர் ஆக்கினார். மகர தேவதை, மூன்று மாந்திரீகர்கள், வெண்கலக் கோட்டை, பாதாளக் கோட்டை, யட்ச மலை, மாயத் தடாகம், கரடி மாந்திரீகன் என்று பொருள்படும் தலைப்புகள் அத்தொடர்களின் இயல்பைக் காட்டும். அவற்றில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. ‘சித்ரா’ என்னும் ஓவியரின் படங்களோடு அவை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு வந்தபோது, கோடிக்கரையிலும் கொட்டகலையிலும் படித்த சிறுவர் எவரும் அவற்றின் ஆசிரியர் யாரென்று அறிந்திலர். பெயரறியா ஆசிரியன் என்னும் நிலை, அவற்றை நாட்டார் கதையோடு ஒப்ப வைத்தது.

இத்தொடர்களைப் பற்றி வாசகர் கருத்து வெளிப்பட்ட முறை கவனிக்கத்தக்கது. 1970களின் இறுதியில் சஞ்சிகையின் போக்கு மாறி, புதிய சாகசத் தொடர்கள் நின்று, புராண இதிகாசக் கதைகளுக்கு முதன்மை வாய்த்தது. அற்புதத்தைக் காட்டிலும் அறநெறி சிறுவர்க்கு நன்று என்னும் வளர்ந்தோர் கருத்து அம்மாற்றத்தில் ஓரளவு தொழிற்பட்டது எனலாம். ஆனால் முன்னைய தொடர்களைப் படித்து வளர்ந்தோர் அவற்றை மறக்கவில்லை. அவற்றை மீண்டும் வெளியிடக் கோரினர். சஞ்சிகையும் பழைய தொடர்களை மறுபிரசுரம் செய்தது. 2010இல் ஆசிரியர் மறைந்த பின்னர் அவை தெலுங்கில் நூல்வடிவும் பெற்றன. சஞ்சிகை நின்றுபோன பின்னும் அக்கதைகள் வாழ்கின்றன. சிறுவரின் தீர்ப்பு அவர் சிறுவராயிருக்கும்போது கேட்கப்படாவிடினும், அது அழிவதில்லை; முப்பதாண்டு காத்திருந்தேனும் தன்னைப் பதிவுசெய்துகொள்ளும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

அவர்கள் கண்ட சிறப்பு யாது? ‘மூன்று மாந்திரீகர்கள்’ கதையை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரத்தொரு இரவுகளில் வரும் ஜூதர் என்னும் மீனவனின் கதையை அடியொற்றி எழுந்தது அது. அதன் நாயகன் பிங்களன் அரசகுமாரனல்லன். வலைவீசிப் பிழைக்கும் இளையவன். தாயைக் காப்பவன் அவன். பேராசையும் பொறாமையும் கொண்ட தமையன்மார் இருவரின் வஞ்சத்துக்கு ஆளாகுபவனும் அவனே. மாந்திரீகர் அவனைத் தேடி வருவது அவனிடம் மந்திரம் இருப்பதனாலன்று. ஆபத்தான காரியத்தைச் செய்து முடிக்கும் கையும் சொன்ன சொல் தவறாத நெஞ்சும் அவனிடம் இருப்பதனாலேயே. கல்வியும் வித்தையும் பிறரிடம் இருக்க, துணிவும் உழைப்பும் மட்டும் தன்னிடம் இருக்கும் ஒருவன், அவ்வித்தை தனக்குப் பயன்படுமா தன்னைப் பயன்படுத்துமா என்று நிமிடந்தோறும் கணிக்கவேண்டிய நிலையே அக்கதையின் உயிர்நாடி. கொழுந்துக் கூடையின் நிறையைத் தாய் ஒன்றாகவும் தராசு வேறாகவும் கூறக் கேட்டு வளரும் சிறுவனுக்கு இந்நிலை அந்நியமானதன்று. மாந்திரீகனைத் துரையென்றோ கணக்கப்பிள்ளையென்றோ அவன் பெயரிட்டுக்கொள்ள வேண்டியதில்லை. எளியவன் தன்னிலும் வலியவரோடு ஒப்பந்தம் செய்யும்போது எவ்விடத்தில் விழிப்பாயிருக்க வேண்டும் என்பதை அவன் கதைக்குள்ளேயே பயின்றுகொள்கிறான்.

அற்புதக் கதைமீது சுமத்தப்படும் குற்றங்களை இவ்விடத்தில் ஒவ்வொன்றாக நோக்குதல் தகும். மூடநம்பிக்கையை வளர்க்கும் என்பது முதற் குற்றச்சாட்டு. பேயோட்டுதலும் குறிகேட்டலும் நிலவும் சூழலில் இவ்வச்சம் நியாயமானதே. ஆனால் மூடநம்பிக்கையும் கதையின் அற்புதமும் ஒருதன்மையன அல்ல. முன்னது நம்பும்படி கட்டாயப்படுத்தி அச்சத்தால் ஆள்வது. பின்னது நம்புவதுபோல் இருக்கச் சிறுவனை அழைத்து, நூலை மூடியதும் விடுவிப்பது. பறக்கும் குதிரையைப் படித்த சிறுவன் எவனும் மட்டக்குதிரையின் முதுகில் சிறகைத் தேடியதில்லை.

மன்னராட்சியைப் போற்றுகிறது என்பது இரண்டாவது. இதில் உண்மை உண்டு. தொடர்களின் முடிவில் அரசும் அரசகுமாரியும் பரிசாவது பெருவழக்கு. பெண்பாத்திரங்கள் மீட்கப்படும் பொருளாகவே பலகாலும் வருவர். இக்குறையை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று.

இவற்றினும் பெரிய குறையொன்றுண்டு. அதனைத் திறனாய்வாளர் போதிய அளவு எடுத்துக்காட்டவில்லை. இக்கதைகளிற் காட்டில் வாழ்வோர் பெரும்பாலும் கொடியோராகவோ அறிவிலிகளாகவோ தீட்டப்படுவர். இலைதழை உடுத்து ஈட்டியேந்திக் கூச்சலிடுவதே அவர்க்குரிய தொழில். பொன்னர் சங்கர் கதையிலும் வேட்டுவர் பகைவராகவே வருகின்றனர். நகரத்துத் தெருக்களில் ‘தோட்டக்காட்டான்’ என்னும் இழிசொல்லைக் கேட்கும் மலையகச் சிறுவன், காட்டவரை இகழும் பக்கத்தைப் படிக்கும்போது எப்பக்கம் நிற்பான்? நாயகனோடு நின்றால் தன்னையே இகழ்வான். காட்டவரோடு நின்றால் கதையினின்றும் விலகுவான். அற்புதக் கதை அவனுக்குச் செய்யக்கூடிய தீங்கு மயக்கந் தருவதில் இல்லை. எவரை அரக்கர் என்று பெயரிடுவது என்பதைப் பிறர் கண்கொண்டு அவன் கற்றுக்கொள்வதிலேயே உள்ளது.

இவ்விடத்தில் தோட்டத்துக் கூத்தின் பார்வையாளர் ஒரு வழியைக் காட்டுகின்றனர். பொன்னர் சங்கர் நிலவுடைமை வேளாளரின் கதை. அதனைத் தோட்டங்களில் ஆடியும் கண்டும் வந்தவருள் நிலமற்றவரும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே மிகுதி. அக்கதையில் வீரரின் தொண்டனாகவும் படைத்துணையாகவும் வருபவன் சாம்புகன். பிறப்பால் தாழ்த்தப்பட்டவனெனினும் ஆற்றலிற் குறைந்தவனல்லன். நாயகரை விட்டு அவன்மேற் கண்ணை வைத்துக் கதையைப் பார்ப்பதை எந்த அண்ணாவியாரும் தடுக்க இயலாது. கதை ஒருவரால் ஆக்கப்படினும், அதில் எவரைத் தொடர்வது என்னும் உரிமை பார்ப்போரிடமே உள்ளது. வாசகன் கருத்து என்பதன் முதல் வடிவம் இதுவே.

மூன்றாவது குற்றச்சாட்டு, வாழ்விலிருந்து தப்பியோடச் செய்கிறது என்பதாகும். டோல்கீன் 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய பேருரையில் இதற்கு விடை கூறினார். சிறைப்பட்டவன் விடுதலை நாடுவதையும் போர்வீரன் களத்தைவிட்டு ஓடுவதையும் ஒன்றெனக் கருதலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். மலையகத்துக்கு இவ்விடை வெறும் உவமையன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஒக்ரோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் முடிவைப் பின்னர்க்கு வைத்தது. கொழும்பும் டில்லியும் கூடி எண்களைத் தீர்மானித்தன. எவர் வாழ்வு பங்கிடப்பட்டதோ அவர் கருத்துக் கேட்கப்படவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலை சட்டத்தளவில் முற்றாக நீங்க 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அத்தகைய மக்களின் பிள்ளை, தான் நினைத்த திசையில் தானே புறப்பட்டுப் போகும் ஒருவனின் கதையை விரும்பிப் படித்தால் அதனைத் தப்பியோடல் என்பது பொருந்துமா? கப்பலும் இரயிலும் அவன் சுற்றத்தாரைப் பிறர் ஆணைப்படி ஏற்றிச் சென்றன. பிங்களனோ தன் விருப்பாற் பயணம் செய்கிறான், வழியிற் தவறுகிறான், திரும்பி வருகிறான். பயணம் என்பது விதிக்கப்படுவது மட்டுமன்று, தெரிந்துகொள்ளப்படுவதுமாம் என்னும் எண்ணத்தை அக்காலத்துத் தோட்டச் சிறுவனுக்கு யதார்த்தக் கதை எளிதில் தந்திருக்க முடியாது. யதார்த்தத்தில் அது இருக்கவில்லை.

இனி வேதாளக் கதைக்கு வருவோமாயின், வாசகர் கருத்து என்னும் பொருள் அங்கே கதையின் அமைப்பாகவே விளங்குவது தெரியும். சோமதேவரின் ‘கதாசரித்சாகரம்’ என்னும் பதினோராம் நூற்றாண்டு வடமொழி நூலில் இடம்பெற்று, தமிழில் விக்கிரமாதித்தன் கதையினூடு பரவிய இவ்வமைப்பை அம்புலிமாமா எடுத்துக்கொண்டது. பழைய இருபத்தைந்து கதைகள் தீர்ந்தபின்னும் அதே சட்டத்தினுட் புதுக்கதைகளைப் புனைந்தது. ஒவ்வொரு கதையின் முடிவிலும் வேதாளம் ஒரு வினாவைத் தொடுக்கும். விடை தெரிந்தும் கூறாதிருந்தால் தலை வெடிக்கும். கூறினாலோ மௌனம் கலைந்து வேதாளம் மரமேறும்.

பழைய கதையொன்றை நினைவுகூரலாம். இறந்த கன்னி ஒருத்தியைக் காதலித்தோர் மூவர். ஒருவன் அவள் சாம்பலின்மேற் படுத்துக் காத்திருந்தான். ஒருவன் எலும்பைக் கங்கையிற் கரைக்கச் சென்றான். ஒருவன் நாடோடியாய் அலைந்து உயிர்ப்பிக்கும் மந்திரங் கற்று மீண்டான். அவள் எழுந்தபின் யாருக்கு உரியவள்? உயிர் தந்தவன் தந்தையாவான், எலும்பைக் கங்கைக்குக் கொண்டுசென்றவன் மகனாவான், சாம்பலிற் கிடந்தவனே கணவனாவான் என்பது அரசன் தீர்ப்பு. இதனை ஏற்கும் சிறுவனும் உளன். மறுக்கும் சிறுமியும் உளள். அவளை ஏன் ஒருவரும் கேட்கவில்லை என்று அச்சிறுமி வினவுவாளாயின், வேதாளமே விடையின்றி நிற்கும்.

பாடசாலையில் கதை முடிந்ததும் கேட்கப்படும் வினா வேறு. இக்கதை புகட்டும் நீதி யாது என்பதே அது. அதற்கு விடை முன்னரே வரையறுக்கப்பட்டுள்ளது; ஆசிரியர் அதனை அறிவார்; மாணவன் அதனை ஊகித்துக் கூறினால் போதும். வேதாளமோ நியாயம் யார் பக்கம் என்று கேட்டு, காரணத்தோடு விடை பகரச் சொல்கிறது. முன்னைய வினா கீழ்ப்படிதலைச் சோதிப்பது; பின்னைய வினா தீர்ப்பளிக்கும் ஆற்றலைப் பயிற்றுவது. அறிந்தும் பேசாதிருத்தல் குற்றம் என்பதை அது சிறுவனுக்கு முதன்முதலாக உணர்த்துகிறது. வாக்குரிமையும் பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் மாதந்தோறும் ஓர் அரசனின் ஆசனத்திலிருந்து தீர்ப்புக் கூறப் பழகினர் என்பது சிறிய செய்தியன்று. அப்பழக்கம் அரசியலை உண்டாக்கிற்று என்று கூறுவது மிகையாகும். அரசியலுக்கு இன்றியமையாத ஒரு மனப்பாங்கை அது பேணிற்று என்று கூறுவது மிகையாகாது.

1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஈழத்து வெளியீட்டுத் துறை எழுச்சி பெற்றது. வீரகேசரிப் பிரசுரங்கள் பல நாவல்களைத் தந்தன. ‘காலங்கள் சாவதில்லை’ அவ்வரிசையில் 1974இல் வந்ததே. ஆனால் அவ்வெழுச்சி பெரும்பாலும் வளர்ந்தோர்க்கே ஆயிற்று. அம்புலிமாமா விட்டுச்சென்ற இடத்தை நிரப்பும் அற்புத சாகச நாவல் மலையகத்தினின்றும் எழவில்லை. இதற்கு எழுத்தாளரைக் குறைகூறுதல் பொருந்தாது. லயத்தின் நெருக்கடியையும் நாடுகடத்தலின் துயரையும் எழுதி முடிக்கவே அவர்க்கு ஆயுள் போதவில்லை. எனினும் சிறுவர்க்கு அற்புதம் வேண்டாம் என்னும் திறனாய்வுக் கருத்து, இயலாமையை ஒரு கொள்கையாக உயர்த்திவிட்டது என்பதையும் கூறவேண்டும்.

மலையகத்து நிலம் அற்புதத்துக்கு வறியதன்று. அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தினுள் இரயில் புகுந்து இருளில் ஓடி மறுபுறத்து மூடுபனியில் வெளிப்படுகிறது. நால்வேறு சமயத்தார் தத்தம் கதை கூறும் சிவனொளிபாதமலை எட்டத்தில் நிற்கிறது. நுவரெலியாவுக்கு அப்பால் சீதா எலியவில் சீதைக்குக் கோயிலுண்டு. அருகிலுள்ள ஹக்கலை மலை, அனுமன் சுமந்துவந்த சஞ்சீவி மலையினின்றும் விழுந்த துண்டென்று கதை வழங்குகிறது. இவையாவற்றினும் பெரிய சாகசம் மூதாதையர் மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த நடையாகும். பசியும் காய்ச்சலும் பலரை வழியிலே விழுத்தின. 2023இல் மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மேற்கொள்ளப்பட்ட நடைபயணம் அவ்வழியை நினைவில் மீட்டது. அந்நடை துயர வரலாறாகப் பலமுறை கூறப்பட்டுவிட்டது. ஒரு சிறுமி நாயகியாக, வழிநெடுக நின்ற மரங்களும் பேய்களும் அவளோடு பேச, தேங்காயும் மாசியும் தேயிலைத் தூரில் கிடைக்கும் என்று ஆசைகாட்டியவனே மாந்திரீகனாக, அது ஓர் அற்புத நாவலாக இன்னும் கூறப்படவில்லை.

அவ்வாறொரு நாவல் எழுமாயின் அதில் அரக்கர் யார், நாயகர் யார் என்னும் பெயரீடு மாறும். காட்டவரென இகழப்பட்டோர் கதையின் நடுவே நிற்பர். பொன்னர் சங்கர் கூத்தில் வீழ்ந்தோரைத் தங்கை எழுப்புவதுபோல, வழியில் விழுந்தோரை எழுப்பும் உரிமையும் அக்கதைக்கு உண்டு. வரலாறு அதனைச் செய்ய இயலாது; யதார்த்த நாவலும் செய்யத் துணியாது. இறந்தோர் எழுவதில்லை என்பதைச் சிறுவன் அறிவான். அறிந்தும் அவர் எழவேண்டும் என்று அவன் விரும்புவதற்கு இடமளிப்பதே அற்புத இலக்கியத்தின் பணி.

அந்நாவலின் கையெழுத்துப் பிரதியை முதலிற் படிக்கவேண்டியவர் பல்கலைக்கழகத்தார் அல்லர். பொகவந்தலாவையிலோ இலிந்துலையிலோ ஐந்தாம் வகுப்பிற் படிக்கும் ஒரு பிள்ளையிடம் அது கொடுக்கப்படல் வேண்டும். நீதி யாது என்று கேட்காமல், எவ்விடத்தில் நம்பினாய், எவ்விடத்தில் நம்பவில்லை, யார் செய்தது நியாயம் என்று கேட்டு, அது கூறும் விடையை எழுதிக்கொள்ளல் வேண்டும். கூலியும் கொடுத்தல் வேண்டும்; அம்மலைகளில் உழைப்புக்கு உரிய கூலி கிட்டியது அருமை. வேதாளம் இப்போது வினவுவது விக்கிரமாதித்தனையன்று, திறனாய்வாளரையே. சிறுவர்க்கும் கருத்துண்டு என்பதை அறிந்தும் அதனைக் கேளாதிருந்தவர்க்கு நேர்வது யாதென்பதை, மாதந்தோறும் அக்கதையைப் படித்த பிள்ளைகள் நன்கறிவர்.